'ஹாப்லி' என்னும் சிறு சொல்

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஆங்கிலம் கற்கும் மாணவியராகிய நமக்கு இரண்டு வகைச் சொற்கள் தொல்லை தருகின்றன. ஒன்று, முன்பின் பார்த்திராத சொல். மற்றொன்று, தெரிந்த சொல்லைப் போல வேடமிட்டு வரும் சொல். முதல் வகைக்கு அஞ்ச வேண்டியதில்லை. பொருள் தெரியாது என்பது உடனே விளங்கிவிடும். கை தானாகவே அகராதியைத் தேடும். இரண்டாம் வகையோ அப்படியன்று. 'இது நமக்குத் தெரிந்த சொல்தானே' என்று கண் அதைக் கடந்து போய்விடும். பாட்டின் பொருளும் அதோடு கைநழுவிப் போய்விடும்.

அத்தகைய ஒரு சொல்லை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம். அதுதான் 'ஹாப்லி'. எச், ஏ, பி, எல், ஒய் என்னும் ஐந்தே எழுத்துகள் கொண்ட வினையுரிச் சொல். இன்றைய செய்தித்தாளிலோ, அலுவலகக் கடிதத்திலோ, அன்றாட உரையாடலிலோ இதைக் காண்பது அரிது. ஆனால் ஷேக்ஸ்பியரைத் திறந்தால் இருக்கிறது. கிரேயைத் திறந்தால் இருக்கிறது. கீட்ஸைத் திறந்தால் இருக்கிறது. பழைய ஆங்கில விவிலியத்திலும் இருக்கிறது. எனவே ஆங்கில இலக்கியத்தின் வாயிலில் நிற்கும் நாம் இதனை அறிந்துகொள்ளாமல் உள்ளே போக முடியாது.

சொல்லும் பொருளும்

விரைந்து வாசிக்கும் கண்ணுக்கு 'ஹாப்லி' என்பது 'ஹாப்பிலி' போலத் தோன்றும். 'மகிழ்ச்சியாக' என்று பொருள் கொண்டு மேலே சென்றுவிடுவோர் பலர். எழுத்துகளைச் சற்று நின்று எண்ணினால் போதும். 'ஹாப்பிலி'யில் இரண்டு 'பி'க்களும் அவற்றின் பின்னே ஓர் 'ஐ'யும் உண்டு. 'ஹாப்லி'யில் ஒரே 'பி'; 'ஐ' இல்லை.

பொருளும் வேறு. 'ஹாப்லி' என்றால் 'தற்செயலாக' அல்லது 'ஒருவேளை' என்று பொருள். நாம் திட்டமிடாமல் தானாக நேர்ந்ததைச் சொல்லும்போது அது 'தற்செயலாக'. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று ஐயத்தோடு சொல்லும்போது அது 'ஒருவேளை'. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதை முன்பின் உள்ள வரிகளைக் கொண்டே அறிய வேண்டும்.

சொல்லின் குடும்பம்

ஒரு சொல்லை நன்கு அறிய வேண்டுமானால் அதன் உறவினரையும் அறிய வேண்டும். 'ஹாப்லி'யின் வேர் 'ஹாப்' என்னும் சிறு பெயர்ச்சொல். ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து குடியேறியவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியிலிருந்து இது வந்தது. அங்கே இதற்கு நல்வாய்ப்பு என்று பொருள். ஆங்கிலத்தில் நல்லதோ கெட்டதோ, தானாக நேர்வது எதுவாயினும் அது 'ஹாப்' ஆயிற்று. 'ஹாப்லி' என்னும் வினையுரிச் சொல் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வழக்கில் இருந்தது.

இந்தக் குடும்பத்தில் நமக்கு முன்பே பழக்கமானவர்கள் பலர் இருக்கிறார்கள். 'ஹாப்பன்' என்றால் நேர்தல். 'மிஸ்ஹாப்' என்றால் தீய நேர்வு, அதாவது விபத்து. 'ஹாப்லெஸ்' என்றால் நல்வாய்ப்பு அற்ற, பரிதாபத்துக்குரிய. 'ஹாப்ஹஸார்ட்' என்றால் ஒழுங்கின்றி, வந்தது வந்தபடி. 'பெர்ஹாப்ஸ்' என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அதற்குள்ளும் அதே 'ஹாப்' ஒளிந்திருக்கிறது!

எல்லாவற்றிலும் வியப்பானது, 'ஹாப்பி' என்ற சொல்லும் இதே குடும்பத்தில் பிறந்தது என்பதுதான். முதலில் அதற்கு 'நல்வாய்ப்புப் பெற்றவர்' என்றே பொருள். 16ஆம் நூற்றாண்டளவில்தான் 'மனமகிழ்ச்சி உடையவர்' என்ற பொருள் வேரூன்றியது. ஆகவே 'ஹாப்லி'யும் 'ஹாப்பிலி'யும் உருவத்தில் ஒத்திருப்பது வெறும் தோற்ற ஒற்றுமையன்று. இரண்டும் உடன்பிறந்த சகோதரிகளே. ஒருத்தி மகிழ்ச்சி என்னும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். மற்றொருத்தி பிறந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

பழங்காலத்தில் 'ஹாப்பிலி'யையே 'ஒருவேளை' என்ற பொருளில் எழுதுவதும் உண்டு. 'ஹாம்லெட்' நாடகத்தில் முதியவரான பொலோனியஸை இன்னும் துணிச் சுற்றிலிருந்து வெளிவராத குழந்தை என்று ஹாம்லெட் கேலி செய்கிறான். அவர் இரண்டாம் முறையாக அந்தப் பருவத்துக்கு வந்திருக்கலாம் என்று ரோசன்கிராண்ட்ஸ் மறுமொழி சொல்கிறான். அங்கே 'ஹாப்பிலி' என்று இருப்பினும் பொருள் 'ஒருவேளை' என்பதே.

ஷேக்ஸ்பியரின் 29ஆம் பாடல்

ஷேக்ஸ்பியர் எழுதிய 154 சானெட்டுகள் 1609இல் ஒரு நூலாக அச்சாயின. சானெட் என்பது பதினான்கு அடிகளைக் கொண்ட பாட்டு. அவற்றுள் 29ஆம் பாடல் பலரும் அறிந்தது. ஊழும் உலகமும் தன்னைக் கைவிட்டன என்று ஒருவர் தனியே அழுகிறார். வானை நோக்கிக் கதறுகிறார். வானம் செவிடாக இருக்கிறது. பிறருடைய அழகையும், நண்பர் கூட்டத்தையும், திறமையையும் எண்ணிப் பொறாமைப்படுகிறார். தம்மையே வெறுக்கும் அளவுக்குப் போய்விடுகிறார். அந்த நேரத்தில், பத்தாம் அடியின் தொடக்கத்தில், 'ஹாப்லி' வருகிறது. உடனே அவருடைய அன்பருடைய நினைவு வருகிறது. விடியற்காலையில் மண்ணை விட்டு மேலெழுந்து பாடும் வானம்பாடியைப் போல அவர் உள்ளம் எழுகிறது. இனி மன்னருடைய வாழ்வோடும் தம் நிலையை மாற்றிக்கொள்ள மாட்டார்!

இங்கே 'ஹாப்லி'யை 'மகிழ்ச்சியாக' என்று படித்தால் என்ன ஆகும்? மனத்தை அவரே மகிழ்ச்சிப்படுத்திக்கொண்டு நண்பரை நினைத்தார் என்றாகிவிடும். துன்பத்தின் அடியில் கிடப்பவருக்கு அது எப்படி முடியும்? 'தற்செயலாக' என்று படித்துப் பாருங்கள். அவர் தேடவில்லை, முயலவில்லை, அந்த நினைவு தானாக வந்தது. கேளாமல் வந்த உதவி அது. பாட்டின் உயிர் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. அதன் ஓசைக்குள் 'ஹாப்பி'யின் எதிரொலியும் மெல்லக் கேட்கிறது என்று சொல்வோரும் உண்டு. இருக்கட்டும். ஆனால் முதலில் நேர்வு, அதன் பின்னரே மகிழ்ச்சி என்னும் வரிசையை நாம் மறக்கலாகாது.

கார்டீலியாவின் 'ஒருவேளை'

'லியர் மன்னன்' நாடகத்தின் முதற்காட்சியை நினைவுகூர்வோம். முதுமையடைந்த லியர் தம் நாட்டை மூன்று மகளிருக்கும் பங்கிட எண்ணுகிறார். யாருக்குத் தம்மீது அன்பு அதிகம் என்று கேட்கிறார். மூத்தவள் கானரில், கண்ணொளியைவிடவும் விடுதலையைவிடவும் தந்தையே தனக்கு மேல் என்கிறாள். இரண்டாமவள் ரீகன், தந்தையின் அன்பைத் தவிர வேறெந்த இன்பத்தையும் பகையாகக் கருதுவதாகச் சொல்கிறாள். இருவர் பேச்சிலும் 'ஒருவேளை' என்பதற்கே இடமில்லை. எல்லாம் உறுதி, எல்லாம் முழுமை, எல்லாம் பொய்.

இளையவள் கார்டீலியா பேசுகிறாள். மகளுக்குரிய கடமைப்படி அன்பு செலுத்துவதாகச் சொல்கிறாள். தந்தையை மட்டுமே நேசிப்பது உண்மையானால் அக்காமார் கணவர்களை ஏற்றது எதற்காக என்று கேட்கிறாள். பிறகு தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'ஹாப்லி' என்று தொடங்குகிறாள். ஒருவேளை தனக்குத் திருமணம் நடந்தால், கைப்பிடிக்கும் கணவன் தன் அன்பில் பாதியைக் கொண்டு செல்வான் என்பது அவள் சொன்னதன் கருத்து. அவளை மணக்க விரும்பிய பிரான்ஸ் மன்னனும் பர்கண்டிப் பிரபுவும் அந்த அரண்மனையிலேயே காத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் நாளை நடப்பதை நடந்தது போல அவள் சொல்லவில்லை. 'ஒருவேளை' என்றே சொல்கிறாள்.

உண்மை பேசிய மகளை லியர் துரத்தினார். உறுதி பேசிய மகளிரோ பிற்பாடு புயலிரவில் முதிய தந்தைக்குக் கதவடைத்தார்கள். அவரைத் தேடிக் கடல் கடந்து திரும்பி வந்தவள் 'ஹாப்லி' என்று பேசிய கார்டீலியாவே. தனக்குத் தெரிந்த அளவே பேசுபவளின் அன்பு எத்துணை உறுதியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஒதெல்லோவின் 'ஒருவேளை'

இதே சொல் ஓர் உயிரைப் பறிக்கும் பாதைக்கும் வாயிலாகலாம். வெனிஸ் நகரத்தின் படைத்தலைவன் ஒதெல்லோ கறுப்பின வீரன். டெஸ்டிமோனா தந்தையின் எதிர்ப்பையும் மீறி அவனை மணந்தவள். அவள் நெறி தவறியவள் என்று இயாகோ என்பவன் ஒதெல்லோவின் காதில் நஞ்சை ஊற்றுகிறான். மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியில் ஒதெல்லோ தனித்து நின்று தன்னோடு பேசுகிறான். அங்கே 'ஹாப்லி' என்ற சொல் வருகிறது. ஒருவேளை தன் நிறம் கறுப்பு என்பதாலோ, அரண்மனைவாசிகளின் இனிய பேச்சு தனக்கு வராததாலோ, வயது சற்று ஏறிவிட்டதாலோ அவள் மனம் மாறியிருக்கலாம் என்று காரணம் தேடுகிறான்.

கவனியுங்கள்! சில அடிகளுக்குள்ளேயே, அவளைத் தான் இழந்துவிட்டதாக முடிவு செய்துவிடுகிறான். 'ஒருவேளை' என்று தொடங்கியது அதே பேச்சில் 'ஆம்' என்று ஆகிவிட்டது. இடையில் சாட்சி எதுவும் இல்லை. விசாரணை எதுவும் இல்லை. கைக்குட்டை பற்றிய பொய்ச் சான்று அதன் பின்னரே வந்து சேர்கிறது. இறுதியில் குற்றமற்ற டெஸ்டிமோனா கணவன் கையாலேயே உயிரிழக்கிறாள். 'ஹாப்லி' என்ற சொல்லிலேயே ஒதெல்லோ நின்றிருந்தால், அவளை அழைத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவள் பிழைத்திருப்பாள் அன்றோ?

கல்லறையிலும் காரிருளிலும்

தாமஸ் கிரே எழுதிய கல்லறைத் தோட்ட இரங்கற்பா 1751இல் வெளிவந்தது. புகழின்றி மண்ணில் உறங்கும் ஏழை உழவர்களைப் பற்றிய பாட்டு அது. இங்கிலாந்தில் ஸ்டோக் போஜஸ் என்னும் சிற்றூரின் கோயில் தோட்டத்தோடு இப்பாட்டைத் தொடர்புபடுத்துவர். 1771இல் மறைந்த கிரேயும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இப்பாட்டில் கிரே 'பெர்ஹாப்ஸ்', 'ஹாப்லி' என்னும் இரு சகோதரிகளையும் ஆளுகிறார். இம்மண்ணில் உறங்குவோருள் ஒருவேளை பெரும் கவிஞனோ, நாடாளும் தகுதியுள்ளவனோ இருந்திருக்கலாம் என்று சொல்லுமிடத்தில் 'பெர்ஹாப்ஸ்'. ஏழையின் கல்லறையை அலட்சியமாகக் கடந்து செல்லாதே, உனக்குத் தெரியாத பெருமை அங்கே இருந்திருக்கலாம் என்று அது நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. பிற்பகுதியில் கவிஞர் தம் மறைவை எண்ணுகிறார். தம்மைப் பற்றி யாரேனும் வந்து கேட்டால், நரைத்த தலையுடைய ஒரு கிராமத்து முதியவர் தம்மைப் பற்றி ஏதேனும் சொல்லக்கூடும் என்கிறார். அங்கே 'ஹாப்லி'. தமக்கு நினைவுச் சின்னம் எழும்பும் என்று அவர் பெருமையடிக்கவில்லை. ஒரு முதியவர் நினைவு வைத்திருந்தால் அதுவே போதும், அதுவும் 'ஒருவேளை'தான்!

ஜான் கீட்ஸ் 1819இல் இராப்பாடிப் பறவையைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். அவருடைய தம்பி டாம் காசநோயால் 1818 டிசம்பரில் இறந்திருந்தார். கீட்ஸும் 1821இல் 25ஆம் வயதில் அதே நோயால் ரோம் நகரில் மறைந்தார். பாட்டில், துயரம் மிகுந்த உலகைவிட்டுக் கற்பனைச் சிறகால் பறவையிடம் பறக்கிறார் கவிஞர். நிலவு அரசியாக அரியணையில் வீற்றிருக்கலாம், விண்மீன்கள் தோழியராகச் சூழ்ந்திருக்கலாம் என்று சொல்லும்போது 'ஹாப்லி' என்கிறார். ஏன்? அவர் இருக்குமிடம் அடர்ந்த இலைகளின் இருட்டு. நிலவை அவர் காணவில்லை. காணாததைக் கண்டதாக அவர் பாடவில்லை. அதே சமயம் நிலவு இல்லை என்றும் சொல்லவில்லை. இருட்டில் இருப்பவரின் நம்பிக்கை அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

விவிலியத்தில்

1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் இச்சொல்லைக் காணலாம். அப்போஸ்தலர் பணி 5ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர்களைக் கொல்ல ஆலோசனைச் சங்கம் துடிக்கிறது. அப்போது கமாலியேல் என்னும் சட்ட அறிஞர் எழுந்து அவர்களைத் தடுக்கிறார். இது மனிதர் செயலானால் தானே அழியும். கடவுளின் செயலானால் நீங்கள் ஒருவேளை கடவுளையே எதிர்ப்பவர்களாகிவிடுவீர்கள் என்பது அவர் அறிவுரை. அங்கே 'ஹாப்லி' இருக்கிறது. கத்தோலிக்கரின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பான டூவே-ரீம்ஸில் அதே இடத்தில் 'பெர்ஹாப்ஸ்' இருக்கிறது. ஒதெல்லோ கைவிட்ட 'ஒருவேளை' ஓர் உயிரைப் போக்கியது. கமாலியேல் பற்றிக்கொண்ட 'ஒருவேளை' பலர் உயிரைக் காத்தது.

அதே நூலின் 17ஆம் அதிகாரத்தில் புனித சின்னப்பர் ஏதென்ஸ் நகரத்தாரிடம் பேசுகிறார். மாந்தர் கடவுளைத் தேடி, தடவியாவது கண்டடையக்கூடும் என்னும் இடத்தில் கிங் ஜேம்ஸ் நூலில் 'ஹாப்லி', டூவே-ரீம்ஸிலோ 'ஹாப்பிலி'! அங்கும் பொருள் 'மகிழ்ச்சியாக' என்பதன்று, 'ஒருவேளை' என்பதே. பழைய டூவே பதிப்பு வைத்திருக்கும் பெற்றோர் எடுத்துப் பார்க்கலாம்.

தமிழில் ஓர் உறவு

நம் பழந்தமிழிலும் இதற்கு நிகரான ஒரு சொல் உண்டு. 'கொல்' என்னும் இடைச்சொல்லே அது. ஐயப்பொருளைத் தருவது என்று தொல்காப்பியம் இதனை இடையியலில் வகுத்துரைக்கிறது. திருக்குறளிலும் சங்கப் பாடல்களிலும் இதைக் காண்கிறோம். 'ஹாப்லி'யைப் போலவே இதுவும் பேச்சிலிருந்து மறைந்து பாட்டில் மட்டும் வாழ்கிறது. 'ஹாப்லி'யைப் போலவே இதுவும் வேடமிட்டு ஏமாற்றக்கூடியது. ஐயத்தைக் குறிக்க வந்த 'கொல்'லை உயிரைப் போக்கும் 'கொல்' என்று எண்ணிவிட்டால் பாட்டு என்ன ஆவது!

வாசிக்கும்போது செய்ய வேண்டியவை

மாணவியர் நினைவிற்கொள்ள மூன்று குறிப்புகள்:

1. செய்யுளில் இச்சொல் வந்தால், அதன் இடத்தில் 'பெர்ஹாப்ஸ்' என்று வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் 'தற்செயலாக' என்று கொள்ள வேண்டும்.

2. 'இஃப்', 'லெஸ்ட்' என்னும் சொற்களை அடுத்து இது வருவதுண்டு. வாக்கியத்தின் தொடக்கத்திலும் வரும். அவ்விடங்களில் கண் விழிப்பாக இருக்க வேண்டும்.

3. இது வழக்கொழிந்த சொல் ஆதலால் நம் கட்டுரைகளிலும் கடிதங்களிலும் இதைப் புகுத்த வேண்டியதில்லை. படித்துச் சுவைக்கவே இது. அன்றாடம் எழுதுவதற்கு 'பெர்ஹாப்ஸ்' போதும்.

நாம் பெறும் பாடம்

ஐந்தெழுத்துச் சொல் ஒன்று நமக்கு என்ன கற்பிக்கிறது? மனிதர் எல்லாம் அறிந்தவர் அல்லர் என்பதைக் கற்பிக்கிறது. வகுப்பில் ஒருத்தியின் பேனா காணாமற்போகிறது. 'ஒருவேளை அவள் எடுத்திருப்பாளோ' என்று காலையில் ஒரு வாய் முணுமுணுக்கிறது. மாலை மணி அடிப்பதற்குள் 'அவள்தான் எடுத்தாள்' என்று பத்து வாய்கள் பேசுகின்றன. 'ஒருவேளை' எங்கே தொலைந்தது என்று யாரும் கேட்பதில்லை. பேனா மறுநாள் மேசைக்கு அடியில் கிடைத்துவிடும். அந்தப் பெண்ணின் நற்பெயர் அவ்வளவு எளிதில் கிடைக்குமா? ஒதெல்லோவின் கதை நாடக மேடையில் மட்டும் நடப்பதன்று.

பிறரைப் பற்றித் தீமை பேசத் தோன்றும்போது 'ஒருவேளை' என்ற சொல்லோடு நின்று, உண்மையை விசாரிப்போம். நம்மைப் பற்றிப் பெருமை பேசத் தோன்றும்போது கார்டீலியாவைப் போல அளவோடு பேசுவோம். தேர்வில் தவறினாலும், தோழி பிரிந்தாலும், வீட்டில் துன்பம் வந்தாலும், எதிர்பாராத நன்மையும் தானாக வரக்கூடும் என்று நம்பி, அது வரும்போது அடையாளம் கண்டுகொள்ள விழித்திருப்போம். சொற்களை நின்று கவனித்துப் படிக்கும் பழக்கம், மனிதரையும் நின்று கவனித்துப் புரிந்துகொள்ளும் பழக்கமாக நம்மிடம் வளரட்டும்!